ஹெயான் ஷோடான் கற்கத் தொடங்குபவருக்கு: கால் முதலில், கை அப்புறம்

கராத்தே கிளாஸில் சேர்ந்து இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். பஞ்ச், பிளாக், கிக் எல்லாம் தனித்தனியாக ஓரளவு வந்திருக்கும். அப்போது ஒரு நாள் மாஸ்டர் "இன்னைக்குக் கட்டா ஆரம்பிக்கலாம்" என்பார். நீங்கள் ஷோடோகான் பாணி கற்பவர் என்றால், அன்று ஆரம்பிப்பது பெரும்பாலும் ஹெயான் ஷோடானாகத்தான் இருக்கும். சில இடங்களில் அதற்கு முன்னால் தைக்கியோக்கு ஷோடான் சொல்லித் தருவார்கள். அதுவும் இதே கட்டாவை இன்னும் எளிதாக்கிப் பின்னாளில் உருவாக்கியதுதான்.

கட்டா என்பது ஒரே வரிசையில் கோத்த அசைவுகள். ஹெயான் ஷோடானில் மொத்தம் 21. நிதானமாகச் செய்தால் சுமார் 40 வினாடியில் முடிந்துவிடும். எதிரில் ஆள் கிடையாது. நான்கு பக்கமும் ஆள் வருவதாக எண்ணிக்கொண்டு தடுக்கிறீர்கள், அடிக்கிறீர்கள், திரும்புகிறீர்கள், கடைசியில் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிறீர்கள். அவ்வளவுதான் வெளியே தெரியும்.

நான் புதிதாக வருபவர்களோடு இந்தக் கட்டாவைப் பல வருடங்களாகச் செய்து வருகிறேன். சிறு பிள்ளையானாலும் நாற்பது வயதுக்காரரானாலும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: திரும்பும்போது. கை என்ன செய்ய வேண்டும் என்பது இரண்டு வகுப்பில் மனப்பாடம் ஆகிவிடுகிறது. கால் எங்கே விழ வேண்டும் என்பது பிடிபட மாதக்கணக்காகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் கால் கணக்கை முதலில் சொல்கிறேன். கையை அதற்கப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.

யார் உருவாக்கினார், யாருக்காக

இந்தக் கட்டா பிறந்த இடம் ஒகினாவா. இன்று அது ஜப்பானின் தென்கோடித் தீவு மாகாணம். 1879 வரை ரியூக்யூ என்ற தனி அரசு அங்கே இருந்தது. அந்த அரசவையில் எழுத்தராக வேலை பார்த்தவர் இதோசு அன்கோ (1831–1915). ஷுரி நகரத்துக்காரர், மட்சுமுரா சோகோன் என்ற பெரிய ஆசானிடம் கற்றவர். அந்தக் காலத்தில் கராத்தே என்பது இரவில், வீட்டுக் கொல்லையில், ஒரு ஆசானுக்கு ஒன்றிரண்டு சீடர்கள் என்று ரகசியமாக நடந்த பயிற்சி. அதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர் இதோசு. 1900-களின் தொடக்கத்தில் ஒகினாவாப் பள்ளிகளில் அவர் கற்பிக்க ஆரம்பித்தார்.

ஒன்றிரண்டு பேருக்குச் சொல்லித் தந்ததை அப்படியே நாற்பது ஐம்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் சொல்லித் தர முடியாது. பழைய கட்டாக்கள் நீளமானவை, சிக்கலானவை. அதனால் சின்னச் சின்னதாக ஐந்து கட்டாக்களை அவர் அமைத்தார். அவற்றுக்குப் பெயர் பினான். குஷான்கு என்ற நீளமான பழைய கட்டாவிலிருந்து இவற்றுக்கு நிறைய அசைவுகள் வந்திருக்கின்றன. குஷான்குவைப் பின்னாளில் கற்கும்போது, இதை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று உங்களுக்கே தோன்றும்.

1908 அக்டோபரில் இதோசு கல்வித் துறைக்கும் ராணுவத் துறைக்கும் பத்து அம்சங்கள் கொண்ட ஒரு கடிதம் எழுதினார். பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே கராத்தே தர வேண்டும் என்று அதில் வாதாடுகிறார். தினம் ஒன்றிரண்டு மணி நேரம் பயிற்சி செய்தால் மூன்று நான்கு வருடத்தில் உடம்பே மாறிவிடும் என்றும் எழுதியிருக்கிறார். நான் இதைப் புதிதாகச் சேர்பவர்களிடம் தவறாமல் சொல்வேன். மூன்று மாதத்தில் பெல்ட் கிடைக்குமா என்று கேட்கும் பெற்றோருக்கு, இந்தக் கட்டாவை உருவாக்கியவர் மனதில் வைத்திருந்த கணக்கு மூன்று நான்கு வருடம் என்று தெரிய வேண்டும்.

அந்தக் கடிதத்தின் முதல் அம்சம் நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது. கராத்தே பௌத்தத்திலிருந்தோ கன்ஃபூசியத்திலிருந்தோ வந்ததல்ல, ஷோரின், ஷோரே என்ற இரண்டு வழிகளாகச் சீனாவிலிருந்து வந்தது என்று இதோசு எழுதுகிறார். காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தான் கராத்தேக்கு மூலம் என்று நம்மில் பலர் நம்புகிறோம். அவர் தென்னிந்தியாவிலிருந்து சீனா போன துறவி என்ற செய்தி பழைய சீனக் குறிப்புகளிலேயே இருக்கிறது, அதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் அவரைச் சண்டைக் கலையோடு சேர்க்கும் கதை 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட யீஜின் ஜிங் என்ற சீன நூலைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது. போதிதர்மருக்கும் அந்த நூலுக்கும் நடுவே ஆயிரம் வருடம் இடைவெளி. இந்தக் கட்டாவுக்குத் தகப்பன் யார் என்று தெரியும், ஊர் தெரியும், காலம் தெரியும். அதையே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவோம்.

பினான் எப்படி ஹெயான் ஆனது? இதோசுவின் மாணவர் புனகோஷி கிச்சின் (1868–1957) 1922இல் தோக்கியோ போய்க் கராத்தேயைச் செய்து காட்டி, அங்கேயே தங்கிக் கற்பிக்கத் தொடங்கினார். ஒகினாவாப் பெயர்கள் ஜப்பானியர் வாயில் நுழையவில்லை என்பதால் கட்டாக்களின் பெயர்களை மாற்றினார். எழுத்து அதேதான், உச்சரிப்புதான் வேறு. அந்த இரண்டு எழுத்துகளும் அமைதி, நிம்மதி என்ற பொருளைத் தருபவை. கூடவே இன்னொன்றும் செய்தார். இதோசு இரண்டாவதாக வைத்திருந்த கட்டா முதலாவதைவிட எளிது என்று கண்டு, வரிசையை மாற்றிப்போட்டார். ஆக, நாம் ஹெயான் ஷோடான், அதாவது முதலாவது, என்று கற்பது ஒகினாவாவில் பினான் நிதான், அதாவது இரண்டாவது. ஷிதோ-ரியு, வாதோ-ரியு பாணிகளில் இன்றும் பழைய வரிசைதான். உங்கள் நண்பர் வேறு பாணி கற்று "எங்க மாஸ்டர் இதை நிதான்னு சொல்றார்" என்றால் சண்டை வேண்டாம், இரண்டு பேர் சொல்வதும் சரி.

சாக்பீஸ் எடுத்துக்கொள்ளுங்கள்

கட்டா நகரும் பாதைக்கு எம்புசென் என்று பெயர். ஹெயான் ஷோடானின் பாதை படுக்கவைத்த எச் எழுத்து மாதிரி இருக்கும். நடுவில் ஒரு நீளமான தண்டு, அதன் இரண்டு முனையிலும் குறுக்கே ஒரு கோடு. மொட்டை மாடியிலோ வாசலிலோ இதைச் சாக்பீஸால் வரைந்துகொள்ளுங்கள். மாடி என்றால் வெயில் தாழ்ந்தபின் போங்கள். வெறுங்காலில் செய்ய வேண்டியது, சூடான தரையில் பாதம் சரியாகப் பதியாது.

தண்டு தெற்கு வடக்காக இருக்கட்டும். தெற்கு முனையில், குறுக்குக்கோடு தண்டைச் சந்திக்கும் இடத்தில், ஒரு பெருக்கல் குறி போடுங்கள். அதன் மேல் வடக்கு பார்த்து நில்லுங்கள். இனி இடது வலது என்று குழம்பாமல் திசையைச் சொல்லியே பேசலாம். இடது கை மேற்கு, வலது கை கிழக்கு.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கற்ற புதிதில் கட்டாவை முழுக்கச் சரியாகச் செய்ததாக நினைத்து நின்றேன். மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் என் காலடியையும், நான் ஆரம்பித்த இடத்தில் கிடந்த செருப்பையும் கையால் காட்டினார். நடுவே முழுசாக இரண்டு அடி தூரம். கை எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு நீளம். அன்றைக்கு அவர் காட்டிய அந்த இடைவெளி இன்னும் கண்ணில் நிற்கிறது.

இரண்டு நிலைகள் போதும்

இந்தக் கட்டாவில் நிற்கும் முறை முக்கியமாக இரண்டுதான். முதல் 17 அசைவுகளில், நான்காவதைத் தவிர, எல்லாமே ஜென்குட்சு தாச்சி. கடைசி நான்கும் கொக்குட்சு தாச்சி.

ஜென்குட்சு என்பது முன்கால் மடங்கி, பின்கால் நீட்டி நிற்பது. நீளம் தோள் அகலத்தைப் போல இரண்டு மடங்கு, அகலம் ஒரு தோள் அளவு. எடை முன்காலில் அறுபது, பின்காலில் நாற்பது என்ற கணக்கில். மேலிருந்து பார்த்தால் முன்கால் முழங்கால் கட்டைவிரலுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். பின்கால் குதி தரையை விட்டு எழக் கூடாது. புதியவர்கள் நீளத்தைப் பிடித்துக்கொண்டு அகலத்தை விட்டுவிடுவார்கள். இரண்டு பாதமும் ஒரே கோட்டில் வந்துவிடும், கயிற்றின் மேல் நிற்பது மாதிரி. பக்கத்திலிருந்து ஒரு குழந்தை தள்ளினாலும் சாய்ந்துவிடுவீர்கள்.

கொக்குட்சு அதற்கு நேர்மாறு. எடையில் எழுபது பங்கு பின்காலில். முன்பாதம் நேராக, பின்பாதம் அதற்குக் குறுக்காக, இரண்டு குதிகாலும் ஒரே கோட்டில். தொடை எரியும். எரியவில்லை என்றால் எடை முன்னால் போய்விட்டது என்று அர்த்தம்.

முன்னால் நகரும்போது, பின்னால் இருக்கும் கால் நேராக வராமல் நிற்கும் காலை ஒட்டி உள்ளே வந்து, பிறகு வெளியே பிறை வடிவில் போகும். தலை ஏறி இறங்கக் கூடாது. சுவரில் உங்கள் நிழல் விழும் இடமாகப் பார்த்துப் பயிற்சி செய்தால் தலை எழும்புகிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

கால் மட்டும்: முதல் வாரம்

கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள்.

குறியின் மேல் வடக்கு பார்த்து, பாதங்கள் தோள் அகலத்தில் இருக்க நிற்பது யோய், அதாவது தயார் நிலை. முதல் அசைவில் மேற்கே திரும்பி இடது காலை முன்னால் வையுங்கள். இரண்டாவதில் வலது காலால் மேற்கே ஒரு அடி.

மூன்றாவது, முதல் சிக்கல். இடது காலில் ஊன்றி, வலது பக்கமாக, வடக்கு வழியாகச் சுற்றிக் கிழக்கே திரும்ப வேண்டும். வலது கால் உங்களோடு சுற்றி வந்து கிழக்கே விழும். அரை வட்டம்தான், ஆனால் காலை நேர்க்கோட்டில் கொண்டுபோனால் அகலம் போய்விடும். மேற்கு பார்க்கும்போது வலது கால் வடக்கு ஓரத்தில் இருந்தது, கிழக்கு பார்க்கும்போது அது தெற்கு ஓரத்துக்கு வர வேண்டும். அதாவது கோட்டைத் தாண்டி ஒரு தோள் அகலம் எதிர்ப்பக்கம் போய் விழ வேண்டும். கட்டாவில் எல்லாத் திருப்பங்களுக்கும் இந்தக் கணக்கு உதவும். இதை மட்டும் இருபது முறை செய்யுங்கள்.

நான்காவதில் வலது காலைப் பாதித் தூரம் பின்னால் இழுத்து உயரமாக நிற்பீர்கள், எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். ஐந்தாவதில் இடது காலால் கிழக்கே ஒரு அடி. ஆறாவதில் இடது பக்கம் திரும்பி வடக்கு பார்த்து இடது கால் முன்னால். ஏழு, எட்டு, ஒன்பது: வலது, இடது, வலது என்று தண்டின் மேல் வடக்கே மூன்று அடி. ஒன்பதாவதில் கியாய், அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம்.

பத்தாவது, எல்லோரும் திணறும் இடம். வடக்கு பார்த்து வலது கால் முன்னால் இருக்கிறது. இங்கிருந்து இடது பக்கமாக, மேற்கு, தெற்கு தாண்டிக் கிழக்கு வரை முக்கால் வட்டம் சுற்ற வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் கிழக்குக்கு வலது பக்கம் கால் வட்டம் திரும்பினால் போதுமே, ஏன் இவ்வளவு சுற்று என்று பிள்ளைகள் கேட்பார்கள். வலது காலில் ஊன்றி முதுகுப் பக்கமாகச் சுழலும்போது இடுப்பின் முழு விசையும் அடுத்த தடுப்புக்குள் இறங்குகிறது. ஒருவரைப் பிடித்துச் சுழற்றி வீசுவதற்கும் இதே திருப்பம்தான். காரணம் எதுவானாலும் செய்யும் முறை ஒன்று: முதலில் தலையைத் திருப்பிப் போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். பிறகு இடது கால் வலது குதிகாலுக்குப் பின்னால் சுற்றிப்போய்க் கிழக்கே விழட்டும், வலது பாதத்தைவிடக் கொஞ்சம் வடக்கே தள்ளி. தள்ளாடினால் அநேகமாக அந்தக் "கொஞ்சம் வடக்கே"யை விட்டிருப்பீர்கள்.

முழங்காலைப் பற்றி இங்கே கட்டாயம் சொல்ல வேண்டும். சொரசொரப்பான சிமென்ட் தரையில் வெறும் பாதம் ஒட்டிக்கொள்ளும். பாதம் திரும்பாமல் உடம்பு மட்டும் திரும்பினால் முறுக்கு முழுவதும் முழங்காலில் ஏறும். ஊன்றிய பாதமும் உடம்போடு சேர்ந்து திரும்ப வேண்டும். குதியில் திருப்புவதா முன்பாதத்தில் திருப்புவதா என்பதில் உங்கள் மாஸ்டர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் முழங்காலும் பாதமும் எப்போதும் ஒரே பக்கம் பார்க்கட்டும். முழங்காலில் வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

பதினொன்றில் வலது காலால் கிழக்கே ஒரு அடி. பன்னிரண்டில் வலது பக்கமாகத் தெற்கு வழியாகச் சுற்றி மேற்கே, மூன்றாவது அசைவில் செய்த அதே திருப்பம். பதின்மூன்றில் இடது காலால் மேற்கே. பதினான்கில் இடது பக்கம் திரும்பித் தெற்கு பார்த்து இடது கால் முன்னால். பதினைந்து, பதினாறு, பதினேழு: வலது, இடது, வலது, தெற்கே மூன்று அடி. பதினேழில் இரண்டாவது கியாய்.

பதினெட்டில் மறுபடி அதே முக்கால் வட்டம், இந்த முறை தெற்கிலிருந்து கிழக்கு, வடக்கு வழியாக மேற்குக்கு. விழுவது கொக்குட்சுவில், இடது கால் முன்னால். பத்தொன்பதில் வலது கால் 45 பாகை வலப்பக்கம், வடமேற்கே. இருபதில் அதே வலது காலை எடுத்து வலது பக்கமாகச் சுற்றிக் கிழக்கே. இருபத்தொன்றில் இடது கால் வடகிழக்கே. இந்த இரண்டு மூலைக் கோடுகளையும் சாக்பீஸால் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள், கண்மதிப்பில் 45 பாகை யாருக்கும் முதலில் வராது. கடைசியாக இடது காலை இழுத்து வடக்கு பார்த்து யோய் நிலைக்கு வாருங்கள். பெருக்கல் குறி காலுக்கடியில் இருக்க வேண்டும்.

இப்போது கைகள்

கைகளில் தனியாகக் கற்க வேண்டியது ஐந்துதான். இவை வகுப்பில் ஏற்கெனவே செய்தவை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1, 3, 6, 10, 12, 14 ஆகிய ஆறும் கெதான் பராய், கீழ்த்தடுப்பு. தடுக்கும் கையின் முஷ்டி எதிர்ப்பக்கக் காதருகே போய், அங்கிருந்து சாய்வாக இறங்கி, முன் முழங்காலுக்கு ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் நிற்கும். எந்தக் கால் முன்னால் இருக்கிறதோ அந்தக் கைதான் தடுக்கும். கட்டா முழுவதும் இந்த விதி மாறாது: முன்கால் எதுவோ வேலை செய்யும் கையும் அதுவே. இது மனதில் பதிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

2, 5, 11, 13, அப்புறம் 15, 16, 17 எல்லாம் ஓய்-ஸுகி, ஒரு அடி முன்னேறிக் குத்துவது, நெஞ்சுக்குழி உயரத்துக்கு. 7, 8, 9 மூன்றும் ஆகெ-உகே, மேல்தடுப்பு. முன்கை நெற்றிக்கு முன்னால் ஒரு முஷ்டி இடைவெளியில், முழங்கையைவிட முஷ்டி உயரமாக நிற்கும். ஆறாவது கீழ்த்தடுப்பு முடிந்ததும் அந்த இடது கையை விரித்து மேலே உயர்த்தி, பிறகு வலது காலால் முன்னேறுவது பல இடங்களில் வழக்கம். கடைசி நான்கும் ஷுதோ-உகே, கத்திக்கையால் தடுப்பது. உள்ளங்கை காதைப் பார்த்தபடி தொடங்கி, விரல்நுனி தோள் உயரத்தில் முடியும். மற்ற கை நெஞ்சுக்குழி முன்னால், உள்ளங்கை மேலே பார்த்தபடி இருக்கும்.

ஒரு கை முன்னால் போகும்போது மற்ற கை இடுப்புக்கு இழுபடுவது ஹிகிதே. புதியவர்களின் கவனமெல்லாம் குத்தும் கையில் இருக்கும், இழுக்கும் கை பாதியில் தொங்கும். கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது ஒரு கை மேலே போக, மற்ற கை கயிற்றைக் கீழே இழுக்கும் இல்லையா, அந்த மாதிரி இரண்டு கையும் ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே நேரத்தில் நிற்க வேண்டும். இடுப்பும் இதோடு சேர்ந்தது. தடுக்கும்போது உடம்பு பாதி பக்கவாட்டில், குத்தும்போது நேராக. மூச்சை அடக்காதீர்கள், ஒவ்வொரு அசைவிலும் வெளியே விடுங்கள்.

நான்காவது அசைவு

இந்தக் கட்டாவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இருபது அசைவுகள் வரிசையாக நடக்கும் தடுப்பும் குத்தும். நடுவில் இது ஒன்று மட்டும் வேறு மாதிரி. கிழக்கு பார்த்து வலது கையால் கீழே தடுத்தீர்கள். திடீரென்று முன்காலைப் பின்னுக்கு இழுத்து, அந்தக் கையை உடம்பை ஒட்டிப் பெரிய வட்டமாகத் தலைக்கு மேல் சுழற்றி, முஷ்டியின் அடிப்பக்கத்தால், சுத்தியலால் அடிப்பது போல, தோள் உயரத்துக்கு இறக்குகிறீர்கள். இதன் பெயர் தெட்சுயி.

தனியாகச் செய்தால் இது புரியாது. ஒரு நண்பரைக் கூப்பிட்டு, நீட்டியிருக்கும் உங்கள் வலது மணிக்கட்டை அவர் கையால் இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். கையை நேராகப் பின்னால் பிடுங்கிப் பாருங்கள், வராது. அவர் பலசாலி என்றால் நீங்கள்தான் அவர் பக்கம் போவீர்கள். இப்போது அவர் பிடியைக் கவனியுங்கள். நான்கு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் மறுபக்கம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு வாய் திறந்திருக்கும், பிடி பலவீனமான இடம் அதுதான். முன்காலை இழுத்து உடம்பு முழுவதையும் பின்னால் கொண்டுவாருங்கள், அதே நேரத்தில் மணிக்கட்டை முறுக்கி, மெலிந்த ஓரத்தை அந்த வாய்ப் பக்கமாக உங்கள் இடது தோளை நோக்கி இழுங்கள். கை கழன்று வரும். கழன்ற வேகத்திலேயே தலைக்கு மேல் சுழன்று அவர் முன்கை மேலோ கழுத்தெலும்பு மேலோ இறங்கும். நண்பரிடம் மெதுவாகச் செய்யுங்கள், கழுத்தெலும்பு லேசில் உடையக்கூடியது.

கால் ஏன் பாதித் தூரம் பின்னால் வருகிறது என்று இப்போது தெரிந்திருக்கும். இழுப்பது கையல்ல, கால். என்னிடம் வந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய அண்ணன் பிடியிலிருந்து இப்படிக் கையை உருவியதும், நம்பாமல் தன் மணிக்கட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் நான்காவது அசைவில் காலை இழுக்க மறந்ததே இல்லை.

இப்படி அசைவின் பயனைப் பிரித்துப் பார்ப்பதற்குப் புன்காய் என்று பெயர். மற்ற அசைவுகளுக்கும் உங்கள் மாஸ்டரிடம் கேளுங்கள். கடைசி நான்கு அசைவுகளில் மூலைக்கு நகர்வது, எதிரி நேராக வரும் கோட்டிலிருந்து விலகுவதற்கு. மேல்தடுப்பு ஒருவர் தாடைக்குக் கீழே முன்கையால் இடிக்கவும் ஆகும். ஒரே அசைவுக்கு இரண்டு மூன்று விளக்கம் இருப்பதால் எது சரி என்று குழம்ப வேண்டாம், பிடித்துப் பார்த்து வேலை செய்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள், எப்படி

முதல் வாரம் கால் மட்டும். அடுத்த வாரம் கையைச் சேருங்கள், ஆனால் விசை வேண்டாம், தண்ணீருக்குள் நடப்பது போல மெதுவாக. மூன்றாவது வாரத்திலிருந்து ஒவ்வொரு அசைவையும் வேகமாகச் செய்து, முடிவில் ஒரு நொடி இறுக்கி, உடனே தளர்த்துங்கள். எல்லா அசைவையும் ஒரே தாளத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிச் செய்வது கிளாஸுக்காக. தனியாகச் செய்யும்போது திரும்பும் முன் ஒரு கணம் நின்று பாருங்கள், தடுத்ததும் தாமதிக்காமல் குத்துங்கள், தண்டில் மூன்று அடியும் தொடர்ச்சியாகப் போகட்டும். ஒரு நாளைக்கு ஐந்து முறை கவனமாகச் செய்தால் போதும். ஐம்பது முறை ஓட்டினால் தவறுதான் ஐம்பது முறை பழகும்.

நெய்ஹான்சி என்ற வகையில் மூன்று கட்டாக்களை மட்டும் கற்க, இதோசுவிடம் தனக்குப் பத்து வருடம் ஆனதாகப் புனகோஷி எழுதியிருக்கிறார். அவ்வளவு காலம் நமக்கு வாய்க்காமல் போகலாம். ஆனால் அடுத்த கட்டாவுக்குத் தாவும் அவசரம் வரும்போதெல்லாம் நான் அந்தப் பத்து வருடத்தை நினைத்துக்கொள்வேன்.

முடிக்கும் விதத்தையும் கவனியுங்கள். இருபத்தொன்றாவது அசைவில் ஒரு மூச்சு நேரம் அப்படியே நில்லுங்கள், பார்வை வடகிழக்கில் இருக்கட்டும். இந்த விழிப்புக்கு ஸான்ஷின் என்று பெயர். கிரேடிங்கில் நன்றாகச் செய்துவிட்டுக் கடைசியில் காலை அவசரமாக இழுத்து மாஸ்டர் முகத்தைப் பார்க்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மெதுவாக யோய்க்கு வந்து, பாதங்களைச் சேர்த்து, வணங்குங்கள்.

ஒரு மாதம் கழித்து இதைச் செய்து பாருங்கள். குறி போட்டு, பக்கத்தில் யாரையாவது நிறுத்திக்கொண்டு, கண்ணை மூடி முழுக் கட்டாவையும் செய்யுங்கள். முடித்ததும் கண்ணைத் திறந்து காலடியைப் பாருங்கள். குறிக்கு வடக்கே நின்றால், திரும்பி வரும் மூன்று குத்தில் அடி குட்டையாகிவிட்டது, களைப்பில் அப்படித்தான் ஆகும். தெற்கே நின்றால், மேல்தடுப்பின் மூன்று அடிதான் குட்டை. கை மேலே போகும்போது உடம்பும் கூடவே எழும்பியிருக்கும். கிழக்கிலோ மேற்கிலோ விலகியிருந்தால் குறுக்குக்கோடுகளில் வைத்த அடிகளின் நீளமோ, திருப்பங்களின் திசையோ தவறியிருக்கிறது. எது என்று தெரிந்ததும் மறுபடி கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்த ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.